கைப்பிரேக் இறுகிய ஜீப்பும் சவிரியின் வலையும்

1946 ஜூலை 8. திங்.

சோளகக் காற்று. விடிந்ததிலிருந்து மணல். சோற்றிலும் மணல், பல்லிலும் மணல்.

ஜீப் அசையவில்லை. கைப்பிரேக் பிடித்தபடியே இறுகிவிட்டது. சனி பின்னேரம் வலை இழுத்து முடித்துக் கரையிலேயே விட்டுவந்தேன். நேற்று பூசை, தொடவில்லை. இரவு கடல் ஏறி அச்சுவரை நனைத்திருக்கிறது. இன்று பிடியைத் தள்ளினால் உள்ளே போகவே இல்லை. காலைத் தகட்டில் ஊன்றித் தள்ளினேன். பிடி வளைந்ததுதான் மிச்சம். எஞ்சினை முடுக்கிக் கியரில் போட்டால் ஒரு இருமல், செத்துவிடுகிறது. பின் சக்கரம் இரண்டும் கல்.

பட்டாளத்து ஏலத்தில் வாங்கிய அன்றே கால் பிரேக் இல்லை. எண்ணெய் ஒழுக்கு. கைப்பிரேக்கை நம்பித்தான் ஓட்டினேன். கரைவலைக் கயிற்றை ஜீப்பில் கட்டி இழுக்கும்போது கடல் பின்னுக்கு இழுக்கும். அப்போது தாங்கி நிற்பது அது ஒன்றுதான்.

நிற்கிற இடம்தான் கரைச்சல். வலை வளைக்கிற என் பாடு சனியோடு முடிந்தது. புதன்வரை கரை சும்மா. வியாழன் விடிய இதே கரையில் தம்பி சவிரியின் பாடு. கரை ஒன்று, வலை வைத்திருக்கிற சம்மாட்டிமார் இரண்டு பேர். முறை மாறி முறை வலை வளைப்பது அப்பு காலத்து ஒழுங்கு. முறைக்காரன் வலை இறக்கும்போது மற்றவனின் சாமான் கரையில் நின்றால் கடலில் தள்ளலாம். கேள்வி இல்லை. போன வருடம் அவன் கயிறு என் முறையில் கிடந்தது. வெட்டிக் கடலில் போட்டேன். முறை முறைதான்.

பொழுதுபடச் சவிரியின் ஆள் ஒருவன் வந்தான். வேலிக்கு வெளியே நின்று சொன்னான்: “வியாழன் விடியவும் ஜீப் அதில நிண்டா மீனுக்குத்தான் எண்டு சொல்லச் சொன்னவர்.”

“அவனை வந்து சொல்லச் சொல்லு. முகத்துக்கு நேர.”

நாளைக்கு வேணும்: மண்ணெண்ணெய் ஒரு போத்தல், உளி, பெரிய சுத்தியல், பழைய சாரம், பனம்பலகை நாலு.

ஜூலை 9. செவ்.

காற்று குறையவில்லை. சக்கரங்களைக் கிண்டி எடுத்துக் கீழே பனம்பலகை வைத்தேன். தனியே. முதுகு விட்டுப்போயிற்று.

மல்லாக்கக் கிடந்து உள்ளே போய்ப் பார்த்தேன். கியர்ப் பெட்டிக்குப் பின்னால் ஒரு இரும்பு உருளை. அதைச் சுற்றி ஒரு பட்டி. பிடியை இழுத்தால் பட்டி உருளையை நெரிக்கும், தள்ளினால் விடவேண்டும். விடவில்லை. இழுவைக் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். கம்பியில் பிழை இல்லை. பட்டிதான் உருளையோடு ஒட்டிவிட்டது, கறுப்பாக ஏதோ பிசின். உளி வைத்து அடித்தேன். கண்ணுக்குள் துரு. கைமுட்டுத் தோல் மூன்று இடத்தில் போயிற்று.

மீன் லொறி ஓட்டும் காசிம் எருக்கலம்பிட்டியிலிருந்து வந்தவன், லொறியை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான். பிசினைச் சுரண்டி மணந்து பார்த்தான்.

“சம்மாட்டியார், இதில சுறா எண்ணெயோ பூசினீங்கள்?”

“ஓம். ஒவ்வொரு வலைக்கும் பிறகு பூசினனான். உப்புத் தின்னாமல் இருக்க.”

“பலகை எண்டா குடிக்கும். இரும்பு குடிக்குமோ? வெயிலுக்குக் காஞ்சு, கிண்டின தொதல் மாதிரி இறுகி ஒட்டிக் கிடக்கு. நீங்கள்தான் ஒட்டி வச்சிருக்கிறீங்கள்.”

இந்தக் கரையில் ஒரு வள்ளம் சுறா எண்ணெய் இல்லாமல் கடல் கண்டதில்லை. எனக்குச் சொல்ல வந்துவிட்டான். எண்ணெய்த் தகரத்தை எறிந்தேன். காதில் பட்டது. இரத்தம். அவன் திருப்பி அடிக்கவில்லை, சாரத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நின்றான். அது எனக்கு இன்னும் ஆத்திரம்.

போகும்போது சொன்னான்: “பின் ஷாஃப்டைக் கழட்டி விட்டா சக்கரம் சுத்தும். பத்துப் பேர் பிடிச்சா மேல ஏத்திப் போடலாம்.”

ஆள் பிடித்துத் தள்ளுவதற்கா ஜீப் வாங்கினேன்? கயிறு பிடிக்க வந்தவர்கள் பங்கு காணாது என்று மூக்கால் அழுததால்தானே வாங்கினேன். எல்லோரையும் போகச் சொன்னேன். போனார்கள், நேரே சவிரியிடம்.

மத்தியானத்துக்குப் பிறகு சவிரி வந்தான். நான் கீழே கிடந்தேன், கால் மட்டும் வெளியே. அவன் என் பாதத்தைத் தன் காலால் தட்டினான், செத்த நாயைத் தட்டுகிற மாதிரி.

“அண்ணை. முகத்துக்கு நேர சொல்லச் சொன்னியளாம். முகத்தைக் காணேல்லை, இதுக்குத்தான் சொல்லவேண்டிக் கிடக்கு.”

பின்னால் சிரிப்பு. நாலைந்து பேர் இருக்கும்.

எனக்குத் தெரிந்தது அவன் கணுக்கால் மட்டும். கையில் சுத்தியல். அடித்தேன். முள்ளங்கி முறிகிற சத்தம். மணலில் விழுந்து உருண்டான். அம்மாவைக் கூப்பிட்டான், எங்கள் இருவருக்கும் ஒரே அம்மாவை.

நான் வெளியே வரவில்லை. பட்டியை இன்னும் பத்து அடி அடித்தேன்.

ஜூலை 10. புத.

பெண்சாதி திரேசா விடியவே தொடங்கிவிட்டாள். சவிரியின் காலுக்கு ஒட்டகப்புலத்துப் பரியாரி மூங்கில் வைத்துக் கட்டினாராம். “இஞ்சாருங்கோ, போய் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. சொன்னா அவற்ர ஆக்களே வந்து தள்ளிவிடுவினம்.” தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் அடித்தேன். பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: “உந்தச் சுவருக்கும் உங்களுக்கும் சம்பந்தம் வச்சிருக்கலாம்.”

கரைக்குப் போனால் அங்கே பதினைந்து பேர். வடக்கயிற்றை ஜீப்பின் முன் இரும்பில் கட்டி முடித்துவிட்டார்கள். பாதிப்பேர் போன வருடம் வரை என் கயிறு பிடித்தவர்கள். மேலே இழுத்து விடுவதாகச் சொன்னார்கள். சவிரி சொல்லி வந்தார்களாம்.

“நாளைக்கு விடியும்வரை கரையில நிக்க எனக்கு உரித்து இருக்கு. ஆரும் தொடக்கூடாது.”

“சம்மாட்டியார், நல்லதுக்குத்தான்—”

இழுக்கத் தொடங்கினார்கள். பின் சக்கரம் சுற்றாமல் பலகையில் கீறியது. கீழே உருளை திருகுகிற சத்தம் என் பல்லில் கேட்டது. மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து விறைத்து நின்ற கயிற்றில் ஒரே வெட்டு. கயிறு பாம்பு மாதிரித் திரும்பிப் போய் முதலில் நின்றவனின் முகத்தில் அடித்தது. வாய் கிழிந்தது. எல்லோரும் பின்பக்கமாக விழுந்தார்கள். ஒருவன் கல் எறிந்தான், என் தோளில். நான் கத்தியைப் போடவில்லை. போய்விட்டார்கள்.

பிறகு யோசித்தேன். பிசின் என்றால் சூட்டுக்கு இளகவேண்டும். சாரத்தைக் கிழித்துத் தடியில் சுற்றி மண்ணெண்ணெயில் தோய்த்துக் கொளுத்திக்கொண்டு உள்ளே போனேன். நெருப்பைப் பட்டிக்குக் காட்டினேன். முதலில் புகை, சுறா நாற்றம். பிறகு பிசின் இளகிச் சொட்டுச் சொட்டாக நெஞ்சில் விழுந்தது. சுட்டது. கையை எடுக்கவில்லை. வேலை நடக்கிறது என்று சந்தோசம்.

பிறகு பட்டி முழுக்கப் பற்றிவிட்டது. சொட்டுவதெல்லாம் நெருப்பு. சட்டை பிடித்தது. பெற்றோல் தாங்கி ஓட்டுகிறவன் இருக்கைக்குக் கீழே, என் தலைக்கு ஒரு முழம். நகர முடியவில்லை, இடுப்பு வார் எதிலோ கொளுவிவிட்டது.

யாரோ காலைப் பிடித்தார்கள். ஒரே இழுவை. வார் அறுந்தது, முதுகுத் தோலும் போனது. வெளியே கொண்டுவந்து மணலில் புரட்டினார்கள், ஜீப்புக்குக் கீழேயும் மணலை வாரி வாரி எறிந்தார்கள். கண்ணைத் துடைத்துப் பார்த்தால் சவிரி. மூங்கில் கட்டிய கால். ஊன்றுகோல் ஒரு பக்கம் கிடக்க, முழங்காலில் நிற்கிறான்.

நெருப்பு அணைந்ததும் என் நெஞ்சில் ஏறி இருந்து அடித்தான். முகத்தில். இரண்டு கையாலும். அழுதுகொண்டு அடித்தான். கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது.

“எரிஞ்சு சாகவோ பாத்தியள்? ஒரு வாய் கூப்பிட்டா என்ன குறைஞ்சு போவியள்?”

இரத்தத்தை அவன் சட்டையில் துப்பினேன்.

அவன் போன பிறகு போய்ப் பார்த்தேன். பட்டியின் உள்தோல் எரிந்து சாம்பல். உருளை கையால் சுற்றுகிறது. பிரேக் விட்டுவிட்டது. நான்தான் திருத்தினேன், வேறு எவனும் இல்லை. எஞ்சினை முடுக்கினால் அப்படியே மேலே ஏறிப் பனைக்குக் கீழே நிறுத்தலாம்.

எடுக்கவில்லை. அடி வாங்கிய முகத்தோடு அவன் முறைக்கு இடம் விட்டால் அடிக்குப் பயந்து விட்டதாகத்தான் பேசாலை ஊர் முழுக்கப் பேசும். வழுக்காமல் கியரில் போட்டு அதே இடத்தில் விட்டேன்.

ஜூலை 11. வியா.

விடியமுதல் போய் ஜீப்பில் ஏறி இருந்தேன். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. மற்றதால் பார்த்தேன். வலை ஏற்றிய வள்ளம் இறக்கத் தயார். சவிரி கோலை ஊன்றிக்கொண்டு வந்தான்.

“எடுங்கோ அண்ணை.”

“எடுக்க மாட்டன்.”

“நேற்றே பிரேக் விட்டிட்டுது. எனக்குத் தெரியும். நீங்கள் உருளையைச் சுத்திப் பாத்ததை அங்கால நிண்டு கண்டனான்.”

“அப்ப தள்ளு. முறை இருக்கெல்லோ. தள்ளடா.”

கோலை ஜீப்பில் சாத்தினான். பிறகு கையை உள்ளே நீட்டிக் கியர்த் தடியைத் தட்டிவிட்டான். அவ்வளவுதான். தள்ளக்கூட இல்லை. நான் வைத்த பனம்பலகையில் ஜீப் தானாகப் பின்னுக்கு வழுக்கியது. கைப்பிரேக்கை இழுத்தேன். பிடி முழுக்க வெளியே வந்தது, பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஈரமணலில் வேகம். கடல் பின்பக்கமாக ஏறி இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. நின்றது.

யாரும் சிரிக்கவில்லை.

“அண்ணை, இறங்கி வாங்கோ. வலை வளைக்கப் போறம்.”

இறங்கவில்லை. அவன் கையைக் காட்டினான். வள்ளம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. கயிறு இரு பக்கமும் வந்தது. என் பழைய ஆட்கள் ஏலேலம் போட்டு இழுத்தார்கள். வலையின் மடி கரைக்கு வரும்போது சூடை மீன் ஜீப்புக்குள் பாய்ந்தது, என் தொடையில் விழுந்தது. பொறுக்கி வெளியே எறிந்தேன். அவனுடைய மீன்.

வலை ஏறி முடிந்த பிறகு இறங்கினேன். அவன் கூப்பிட்டதற்காக இல்லை.

ஜூலை 12. வெள்.

காற்று அப்படியே. எரிந்த நெஞ்சுக்குத் திரேசா தேங்காயெண்ணெய் பூசுகிறாள். கடலுக்கு மேலே ஜீப்பின் கண்ணாடிச் சட்டம் மட்டும் தெரிகிறது. அதில் ஒரு கடற்காகம்.

காசிம் காதில் துணியோடு வேலிக்கு அப்பால் நின்று சொல்லிவிட்டுப் போனான்: நாளை கடல் வற்றும்போது இழுத்தால் எஞ்சினைக் காப்பாற்றலாம், அதற்குப் பிறகு இரும்பு விலைக்குத்தான் போகும், இருபது பேர் வேணும்.

இருபது பேரும் சவிரியிடம். அவன் முற்றத்தில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறான், இங்கிருந்தே தெரிகிறது. இரண்டு தரம் தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தான். ஒரு சொல்லுச் சொன்னால் போதுமாம், திரேசா முணுமுணுக்கிறாள்.

கேட்க மாட்டேன்.