கம்பளியில் தொலைந்த சத்தம்

தோஹா

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம். காய்ச்சல் விட்டுவிட்டதா? நான் சுகம்.

நேற்று இங்கே ஒரு வேடிக்கை. நான் செய்த குட்டி ரோபோ கார், சுவருக்கு முன்னால் சரியாக நின்றது. றூமில் தொங்கிய கம்பளியில் மட்டும் நேரே போய் முட்டியது. தூரம் அளக்க அது அனுப்பும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும். கம்பளி அதைக் குடித்துவிடும்.

ஊரில் பலாபத்வல வீட்டில் குரங்கு விரட்ட நான் வைத்த, தண்ணீர் பீச்சும் மெஷினிலும் அதே சென்சர்தான். ஆள் கிட்ட நின்றால் அடிக்காது என்றேன். காய்ச்சலோடு கம்பளி போர்த்தி வந்த உங்களை, ஆள் நிற்பது தெரியாமல் நனைத்துவிட்டது.

"நான் ஒன்னையும் தொடல மகன்" என்றீர்கள். நான் நம்பாமல் போனில் கத்தினேன்.

மெஷினைக் கழற்றிவிடுங்கள். கம்பளியைக் கழற்ற வேண்டாம்.

கம்பனி பஸ் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நான் கோல் எடுத்தால் போனை உடனே உம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள்.

முஸம்மில்