ரமோனின் மட்டைக்கு நரம்பு கட்டினேன்

1927, நவம்பர் 14, திங்கள்

காலையில் மழை. நவம்பரில் என்ன மழை வேண்டிக்கிடக்கிறது. இரண்டாம் டென்னிஸ் கோர்ட்டில் தண்ணீர். நானும் கோ பாவும் சாக்கு போட்டு ஒற்றி எடுத்தோம். கோ பா புல் வெட்டுகிற பர்மாக்காரர், கிளப்பில் எனக்கும் மூத்தவர். எதற்கும் பதறாதவர். பொறாமையாக இருக்கிறது.

பத்து மணிக்குச் செக்ரட்டரி துரை கூப்பிட்டார். (இனி செ. போதும். அவருக்கு முழுப்பெயர் எழுத இன்று மனசில்லை.) விஷயம் இதுதான். ஜனவரியிலிருந்து கிளப்புக்கு ஒரே ஒரு மார்க்கர். நானா, செப்டம்பரில் வந்த ஸ்பெயின்காரனா? கமிட்டியில் பாதிப் பேர் அவன் பக்கம், பாதிப் பேர் "சவரிமுத்து பாவம்" பக்கம். அதனால் 26, சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் மெம்பர்கள் முன்னால் ஆட வேண்டுமாம். மூன்று செட். ஜெயித்தவனுக்கு வேலை. தோற்றவன் டிசம்பர் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும்.

செ. சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பதினோரு வருஷமாக மார்க்கர் என்று நான் செய்தது: காலை ஆறுக்குக் கோடு போடுவது. மெம்பர்களோடு ஆடுவது. அவர்கள் பெண்டாட்டிகளுக்குக் கற்றுக்கொடுப்பது. மட்டைகளுக்கு நரம்பு கட்டுவது. தோற்பது. கடைசியில் உள்ளதுதான் முக்கியமான வேலை.

என் மனைவி லூர்துவிடம் சொல்லவில்லை. இன்று அவளுக்கு இளைப்பு அதிகம்.

15, செவ்வாய்

வெயில். கோர்ட் காய்ந்தது.

லூர்துவுக்குத் தெரிந்துவிட்டது. பட்லர் பெண்டாட்டி குழாயடியில் சொல்லியிருக்கிறாள். லூர்து கேட்டது ஒன்றுதான்: "டாலாவுக்கா போவணும்?" அவள் அண்ணன் அருளப்பன் இருப்பது அங்கே. ஆற்றுக்கு அக்கரை, மழைக்காலத்தில் தரையெல்லாம் ஈரம். போன வருஷம் பத்து நாள் அங்கே இருந்துவிட்டு வந்தவளைத் தூக்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இங்கே மார்க்கர் அறை சின்னதுதான். ஆனால் சிமிண்டுத் தரை. அவள் மூச்சு விடுவதே அந்தத் தரையால்தான்.

மதியம் ஸ்பெயின்காரன் வழக்கம்போல் சாப்பிட வந்தான். ரமோன். தோல் வெள்ளை, ஆனால் சம்பளம் வாங்குகிறவன், ஆகவே பாருக்குள் விட மாட்டார்கள். வெள்ளைக்காரனுக்கு வேலைக்காரர்களோடு பரிமாற மாட்டேன் என்று பட்லரும் சொல்லிவிட்டார். வந்த முதல் வாரம் படியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். லூர்து பார்த்துவிட்டுச் சோறு அனுப்பினாள். அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டுப் பலகை அவன் பலகை. நப்பி என்கிற நாறும் மீன் விழுதுக் குழம்பு வைத்தால்கூட மூக்கைச் சுளிப்பதில்லை. என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு என் வேலையையும் தின்னப் போகிறான்.

இன்று மூன்று பேரும் தட்டையே பார்த்தோம்.

17, வியாழன்

ஐந்து மணிக்கே எழுந்து தனியாகப் பயிற்சி. கோ பாவை எதிரில் நிற்கச் சொல்லி, அவர் இல்லாத பக்கம் அடிக்கப் பார்த்தேன். நடக்கவில்லை! அவர் இடது மூலைக்குப் போனால் பந்து இடது மூலைக்கே போகிறது. வலது பக்கம் போனால் வலது. இருபது பந்தில் பதினேழு அவர் கைக்கே.

"கோ சவரி நல்ல மனுஷன்" என்றார் கோ பா, பந்தைத் திருப்பி வீசிக்கொண்டே. கோ என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன்.

நல்ல மனுஷன் இல்லை. இது தொழில். மெம்பர் எங்கே நிற்கிறாரோ அங்கே, இடுப்பு உயரத்துக்கு, அடிக்கத் தோதாகப் பந்து போட வேண்டும். அவர் அடிப்பார், நான் "குட் ஷாட் சார்" என்பேன். பதினோரு வருஷத்தில் கை அதையே படித்துவிட்டது. இப்போது வேறு படி என்றால் கேட்க மாட்டேன் என்கிறது.

ஒன்பது நாள் இருக்கிறது.

ரொட்டி வாங்க மறந்தேன்.

18, வெள்ளி

போட்டாதாங் துறைமுகம் போனேன். அருளப்பன் அங்கே அரிசி மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. விஷயத்தைச் சொன்னேன். என் வலது கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ளே, இது மூட்ட தூக்குற கை இல்ல. முதுகுதான் வேணும் இங்க. ஒங்களுக்கு வயசு என்னா, முப்பத்தேழா? ரெண்டு வருசம் தாங்கும். அப்புறம் நான் பாத்துக்கிறேன், கவலப்படாதீங்க."

"அப்புறம் நான் பாத்துக்கிறேன்" என்றதும் கையை இழுத்துக்கொண்டேன். படகுத்துறையில் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கிவிட்டேன். நடக்க முடியவில்லை. நான்கு பேர் சிரித்தார்கள்.

டிராமில் நிற்கவே இடமில்லை, நடந்தே வந்தேன். கியாக்டடாவில் ஆபீஸ் ஆபீஸாகப் பார்த்தபடி. எட்டாம் வகுப்புப் படித்த, பந்து போடத் தெரிந்த ஆளுக்கு அதில் எந்த நாற்காலி?

20, ஞாயிறு

கோவில். பூசை முடிந்து மாதா முன்னால் மெழுகுவத்தி ஏற்றினேன். முழங்கால் போட்டால் பக்கத்தில் ரமோன்! அவனும் மெழுகுவத்தியோடு. இருவரும் கேட்டது ஒன்றே, சந்தேகமில்லை. மாதாவுக்கு இன்று சிக்கல்தான்.

திரும்பி வரும்போது கூடவே நடந்தான். தானாகவே பேசினான். பாதி இங்கிலீஷ், பாதி கைஜாடை. புரிந்ததை எழுதுகிறேன்.

அப்பா பார்சலோனாவில் கொத்தனார். ஒன்பது வயதில் அங்கே ஒரு கிளப்பில் பந்து பொறுக்கப் போனான். உடைந்த மட்டையில் சுவரோடு ஆடிக் கற்றான். பதினேழு வயதில் அந்த ஊர்ச் சாம்பியனைக் காலைப் பயிற்சியில் ஜெயித்துவிட்டான். சாம்பியன் தோளில் கைபோட்டு, "வெளியே சொல்லாதே" என்றாராம். சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பயனில்லை. பந்துக்குச் சம்பளம் வாங்கினவன் கோப்பைக்கு ஆட முடியாது, அதுதான் சட்டம். பிறகு பிரான்சுக் கடற்கரை ஹோட்டல்கள், யாரோ பிரபுவின் மகள்கள், சண்டை வந்ததும் எல்லாம் மூடல், மணிலா, சிங்கப்பூர், இங்கே. முப்பது வருஷ ஆட்டத்தில் ஒரு கோப்பை இல்லை. பத்திரிகையில் ஒரே ஒரு படம் வந்ததாம். ஜெயித்தவருக்குப் பின்னால் துண்டு வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பது இவன்.

"முப்பத்திநாலுன்னு கிளப்புல எழுதிக் குடுத்தேன். நாப்பத்தொண்ணு. சொல்லிடாதே" என்றான்.

வெறுக்க வேண்டிய ஆளிடம் இதையெல்லாம் கேட்டிருக்கவே கூடாது.

22, செவ்வாய்

இன்று ஒன்று தெரிந்துகொண்டேன். லூர்து தண்ணீர்ச் செம்பு நீட்டினாள், ரமோன் வலது கையால் வாங்கினான், செம்பு நழுவிக் கொட்டிவிட்டது. முகம் வெளுத்துப்போயிற்று. முழங்கை. மணிலாவிலேயே போன கையாம். அங்கே வேலையை விட்டு வந்ததே அதனால்தான். மெம்பர்களோடு மெல்ல ஆடுவதால் இங்கே யாருக்கும் தெரியவில்லை.

லூர்து நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். "பாவங்க, வீங்கியிருக்கு" என்று என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பின்னாலேயே வந்தான். "வெள்ளிக்கிழமை என் மட்டைக்கு நரம்பு கட்டித் தா. நல்லா தளர்த்திக் கட்டு. இறுக்கமா இருந்தா ஒவ்வொரு அடியும் எலும்புல இறங்குது. ஒரு செட்டு தாங்காது" என்றான்.

எதற்காக என்னிடம் இதைச் சொன்னான்? ரங்கூனில் நரம்பு கட்டத் தெரிந்த வேறு ஆள் அவனுக்கு யார்? யாருமில்லை. அதுதான்.

24, வியாழன்

செ. அட்டை அச்சடித்திருக்கிறார். பச்சை எழுத்து. மேலே ரமோன் பெயர், கீழே என் பெயர், நடுவில் சனிக்கிழமை நாலரை மணி. என் பெயரை அச்சில் பார்ப்பது இதுவே முதல் தடவை. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

ரமோன் இரண்டு அட்டை வாங்கிக்கொண்டான். ஒன்றைச் சட்டைப் பையில் வைத்தான், எடுத்தான், பார்த்தான், மறுபடி வைத்தான். பெரிய மனுஷன் செய்கிற காரியமா?

வராந்தாவில் மெம்பர்கள் பந்தயம் கட்டுவது காதில் விழுந்தது:
"கறுப்புக்கு ரெண்டு விஸ்கி."
"வெள்ளைக்கு நாலு."
"ரெண்டு பேரும் திங்கிறது நம்ம பணம்தானே, ஹா ஹா."

லூர்து ஒரு மணிநேரம் இருமினாள். தலையணையை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார வைத்தேன். "நீங்க தோத்தாலும் பரவாயில்லீங்க" என்றாள். பரவாயில்லை என்று சொல்லக்கூட மூச்சு போதவில்லை அவளுக்கு.

25, வெள்ளி

கட்டினேன்.

எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். காலையில் ரமோன் மட்டையைக் கொடுத்துவிட்டுப் போனான். அவனிடம் உள்ள நல்ல மட்டை அது ஒன்றுதான். இன்னொன்று கப்பலில் ஈரம் பட்டுக் கோணிவிட்டது. நான் புது நரம்பு எடுத்தேன், இருந்ததில் நல்லது. முதல் நாலு இழை அவன் சொன்னபடி தளர்த்தியே கட்டினேன். மாதா சாட்சி. பிறகு அவிழ்த்தேன்.

மறுபடி முதலிலிருந்து. காலால் சட்டத்தை மிதித்து, இரண்டு கையாலும் இழுத்து, ஊசி குத்தி நிறுத்தி, அடுத்த இழை. இவ்வளவு இறுக்கமாக யாருக்கும் கட்டியதில்லை, செ.வுக்குக்கூட. விரல் இரண்டு இடத்தில் அறுபட்டது. முடித்துவிட்டுச் சுண்டினேன். கம்பி மாதிரி கத்தியது.

பாவம்தான். தெரிந்து செய்த பாவம். லூர்துவுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். பாதி உண்மை. மூட்டை தூக்க எனக்குப் பயம், அது மற்றப் பாதி.

மதியம் அவன் மொஹிங்கா, மீன்சாறு ஊற்றிய சேவை, வாங்கி வந்தான், மூன்று பேருக்கும். லூர்து கிண்ணத்தில் நிறைய மீன் போட்டுக் கொடுத்தான். நான் என் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

26, சனி

வெயில், காற்றில்லை. நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது.

நாலேகாலுக்கு மட்டையைக் கொடுத்தேன். ரமோன் வாங்கி, உள்ளங்கை அடிப்பாகத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். காதில் வைத்துக் கேட்டான். என்னைப் பார்த்தான். நான் குனிந்து ஷூக் கயிறு கட்டினேன், கட்டியிருந்த கயிற்றையே. கோர்ட்டுக்குள் போனான்.

முதல் செட் அவன், 6-3. என்ன ஆட்டம்! இந்த மாதிரி ஆடுவான் என்று இந்த மூன்று மாதத்தில் யாருக்கும் தெரியாது. மெம்பர்கள் எழுந்து நின்றார்கள். என் கை மட்டும் பழைய கையாகவே அவன் நிற்கிற இடத்துக்கே பந்தை அனுப்பிக்கொண்டிருந்தது.

இரண்டாவது செட்டில் நாலாம் ஆட்டத்திலிருந்து கையை உதறினான். சர்வீஸ் மெலிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினான். எனக்கு 6-4.

மூன்றாவதில் எனக்கு 5-4. ஒரு புள்ளிதான் பாக்கி. அவன் கை தொங்கிவிட்டது. வலது மூலையில் நிற்கிறான், இடது பக்கம் முழுசாகக் காலி, பந்து என் இடுப்புக்கு வருகிறது. அவனிடமே அடித்தேன். மெல்லத் திருப்பினான். மறுபடி காலி. மறுபடி அவனிடமே அடித்தேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. மூன்றாவது தடவையும் அப்படியே. நாற்காலிகளில் சிரிப்பு. வலைக்கு அந்தப் பக்கம் ரமோனும் சிரித்தான். அவனுக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். அவன் கையும் முப்பது வருஷம் அதே வேலை பார்த்த கைதானே, வலி உயிரை எடுக்கும்போதும் என் மட்டைக்கே தோதாகப் போட்டுக்கொண்டிருந்தது.

நாலாவது பந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு காலிப் பக்கம் அடித்தேன்.

சுண்ணாம்பு பறந்தது. கைதட்டல். யாரோ "வெல்டன், சாமி!" என்றார்கள். என் பெயர் சாமி இல்லை.

27, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை.

ரமோன் தான் தங்கியிருந்த ஷெட் மாடியில் படுத்திருந்தார். முழங்கை தேங்காய் அளவு. லூர்து தன் பழைய லுங்கியைக் கிழித்துக் கைக்குத் தூளி கட்டிவிட்டாள். அவள் கஞ்சி எடுக்கக் கீழே இறங்கியதும் அவரே ஆரம்பித்தார்.

"தட்டினதுமே தெரிஞ்சுது."

"பின்னே ஏன் ஆடினீங்க? செ.கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அட்டையில பேர் போட்டுட்டாங்க." இடது கையால் தூளியைச் சரிசெய்தார். "முப்பது வருஷம் ஆடினதுல ஒருத்தனும் என்னைப் பார்த்துப் பயந்ததில்லை, சவரி. காசு குடுத்து ஜெயிச்சுட்டுப் போனாங்க. நீ பயந்தே."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"ஆனா கை போச்சு" என்றார். "விரலை மடக்க முடியலை, பாரு." காட்டினார். சுண்டுவிரலும் அடுத்த விரலும் மடங்கவில்லை. மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

29, செவ்வாய்

பனி. கோர்ட் வழுக்கல், உருளை இழுத்தது நானும் கோ பாவும்.

தோற்றவருக்கு டிசம்பர் வரை தவணை உண்டு. ரமோன் நிற்கவில்லை. பதினோரு மணிக் கப்பல், கல்கத்தாவுக்கு. அங்கே யார் என்று கேட்டேன், தோளைக் குலுக்கினார். பெட்டியை அருளப்பன் ஆட்கள் தூக்கினார்கள். லூர்து புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். இடது கையால் வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் பச்சை எழுத்து அட்டை தெரிந்தது.

மட்டையை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வந்து பார்த்தால் லூர்து அதைத் துடைத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். இன்று இளைப்பு இல்லை, நாலு நாளாகவே இல்லை. ஒரு விரலால் நரம்பைச் சுண்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு நல்லா கட்டியிருக்கீங்க. அந்த மனுசனுக்காகப் பாத்துப் பாத்துக் கட்டினீங்களா?"

ஆமாம் என்றேன்.

நாளை ஏழு மணிக்கு மெம்பர் டாக்டர் துரைக்குப் பாடம். அவருக்கு வலது கைப் பக்கம் போட வேண்டும், இடுப்பு உயரத்துக்கு.