பழைய காற்றுக்குக் காவல் இருந்தவருக்கு

நேற்றுப் பக்கத்து வீட்டுக் கலியாணத்தில், பின்பந்தலில் இருந்த என் கையில் யாரோ ஒரு கிளாஸ் சர்பத்தைத் தந்துவிட்டுப் போனார்கள். உள்ளே மிதந்த ஐஸ்கட்டி படக்கென்று வெடித்தது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மனிசிக்குத் தலையிடியாக்கும் என்று நினைத்திருப்பார்கள். தலையிடி இல்லை, பயம். உங்களுக்குத் தெரியாததா? நான் பயத்தோடேயே பிறந்தவள்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது என்னைப் பெற்ற ஐயா மயிலிட்டியில் இருந்து கடல் தொழிலுக்குப் போனவர், திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை. அதன் பிறகு காற்றுக் கொஞ்சம் பலத்தாலே எங்கள் வீட்டில் ஒருவரும் சோறு தின்னமாட்டோம். அதனால்தான் உங்களை எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது அம்மாவிடம் ஒரேயொரு கேள்வி கேட்டேன், ஆள் கடலுக்குப் போறவரோ என்று. இல்லை, துறைமுகத்து ஐஸ் பக்டரியில் மிஷின் பார்க்கிறார் என்றார். உங்கள் படத்தை நான் அதற்குப் பிறகு ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை. கறுப்போ சிவப்போ, கால் தரையில் நின்றால் போதும் என்றிருந்தது எனக்கு. கலியாணத்தன்றுதான் மூக்கு இவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

ஐஸ் பக்டரிக்காரருக்கு ஒரு வியாதி உண்டு, கதவைச் சாத்துகிற வியாதி. குளிரறைக் கதவு கொஞ்ச நேரம் திறந்து கிடந்தால் அன்றைய ஐஸ் பழுதாகும், ஐஸ் பழுதானால் கரைக்கு வந்த மீன் பழுதாகும் என்று அங்கே சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது. வீட்டிலும் நீங்கள் கடந்துபோன கதவு திறந்து கிடந்ததில்லை. குசினிக் கதவு, அலுமாரிக் கதவு, கோழிக்கூட்டுக் கதவு, எல்லாம் உங்கள் முதுகுக்குப் பின்னால் தானாக மூடிக்கொள்ளும். கை முன்னுக்குப் போக மனம் பின்னால் வரும். கோயிலுக்கு வந்தாலும் சாமியை உள்ளே வைத்துச் சாத்திவிட்டு வந்துவிடுவீர்கள் என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன்.

பிறகு நீங்களும் மற்றவர்களைப் போல வெளிநாடு போனீர்கள். அந்த ஊரின் பெயரை நான் இன்றுவரை வாயால் சொல்வதில்லை, இங்கேயும் எழுதமாட்டேன். ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை என்று கடிதம் வந்ததும் மாமி ஊரெல்லாம் சொல்லி, நீங்கள் படிப்பிக்கிறீர்கள் என்று சனம் நம்பிவிட்டது. பார்த்தால் அங்கேயும் ஐஸுக்குத்தான் காவல். குளிரூர்க்காரர் தங்கள் ஐஸைப் பார்க்க மயிலிட்டியில் இருந்து ஆள் எடுக்கிறார்களா என்று நான் எழுதிக் கேட்டேன். நேரே வந்து சொல்கிறேன் என்று பதில் போட்டீர்கள்.

லீவில் வந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள். துருவத்தில் பனி விழுந்து விழுந்து, மேல் பனி அமுக்கக் கீழ்ப்பனி ஐஸாக இறுகுமாம். இறுகும்போது அந்தக் காலத்துக் காற்றையும் சின்னச் சின்னக் குமிழாக உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளுமாம். குழாய்க்கிணறு தோண்டுவதுபோல ஆழத் துளைத்து, அந்த ஐஸை நீட்டு நீட்டாக எடுத்து வருவார்களாம். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் குமிழ் உடைந்து சடசடவென்று சத்தம் வருமாம். ஆனால் அளப்பதற்கு அப்படி உருக்கக்கூடாது, உருகிய தண்ணீர் காற்றின் கணக்கைக் கெடுத்துவிடும், குளிரிலேயே வைத்து நொறுக்கித்தான் காற்றை எடுக்கவேண்டும் என்றீர்கள்.

"மனிசர் வள்ளம் கட்ட முந்தின காத்தப்பா. உருகினால் போச்சு. திருப்பிச் செய்ய ஒருத்தராலையும் ஏலாது," என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. லீவில் நின்ற நாட்களில் கரண்ட் போகும்போதெல்லாம் திடுக்கிட்டு எழும்பினீர்கள். எங்கள் வீட்டில் அப்போது ஒரு பல்பும் ஒரு றேடியோவும்தான் இருந்தன.

அந்தக் காற்றிலே என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டேன். காபனீரொட்சைட்டு, நாங்கள் மூச்சில் வெளியே விடுகிற வாயு என்றீர்கள். உலகம் நன்றாகக் குளிர்ந்து கிடந்த காலத்துக் காற்றில் அது குறைவாம், இப்போது எண்ணெயும் கரியும் எரித்து எரித்துக் கூடிக்கொண்டு போகிறதாம். கூடினால் சூடு ஏறும், சூடு ஏறினால் துருவத்து ஐஸ் உருகிக் கடல் ஏறும் என்று பெரியவர்கள் அங்கே கதைக்கிறார்கள் என்றீர்கள். நம்புவதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்று பார்த்தால் கடல். ஐயாவைக் கொண்டுபோனது காணாதென்று இனி வீட்டுக்குள்ளும் வரப்போகிறதா?

ஆனால் அதைவிடப் பெரிய பயத்தை நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். குளிரறை மிஷின் பழுதாகும் நாளில் குளிரைக் காப்பாற்ற உலர் ஐஸ் என்று ஒன்றைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வைப்பார்களாம். அது தண்ணீராக உருகாது, அப்படியே வாயுவாகப் போய்விடும். போகிற வாயுவும் அதே காபனீரொட்சைட்டுத்தான். கண்ணுக்குத் தெரியாமல் அறையை நிரப்பி, ஆளை மயக்கிவிழுத்தும். அதனால் அதை வைக்கும்போது கதவு திறந்தே இருக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருநாள் நீங்கள் பெட்டியோடு உள்ளே போனீர்கள். மயிலிட்டிக் கை, பழக்க தோஷத்தில் கதவைச் சாத்திவிட்டது. தலை சுற்றி, கால் துவண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்து விழுந்தீர்களாம்.

"இனிச் சாத்தமாட்டன், பயப்பிடாதை," என்றீர்கள். அந்தச் சொல்லை நான் எப்படி நம்புவது? சொல்லி முடித்துத் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனீர்கள், போகும்போதே கதவைச் சாத்திக்கொண்டு போனீர்கள்.

அன்றைக்குத் தொடங்கினேன் பள்ளிக்கூடம். இந்த வீட்டில் எந்தக் கதவையும் சாத்தக்கூடாது என்று உங்களுக்குக் கட்டளை. போகும்போது பார்ப்பேன், வரும்போது பார்ப்பேன், சாத்தினால் திரும்பப் போய்த் திறந்துவிட்டு வரவேண்டும். திறந்த கதவால் கோழி வந்து அரிசிச் சுளகில் ஏறியது. ஆடு வந்து நான் வெட்டிவைத்த சட்டைத் துணியில் பாதியைத் தின்றது. மருமகளுக்கு விசர் பிடித்துவிட்டது என்று மாமி அயலுக்குச் சொன்னார். நீங்கள் சிரித்துச் சிரித்துச் செய்தீர்கள். லீவு முடியும் தறுவாயில் ஒருநாள் நீங்களாகவே ஒரு கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு நடந்து போனீர்கள். நான் அடுப்படியில் இருந்து அழுதேன்.

போகவேண்டாம் என்றும் கேட்டேன். இங்கேயே பழைய பக்டரிக்குப் போங்கள், இருக்கிறதைக் கொண்டு சமாளிப்போம் என்றேன். "எனக்கும் பயந்தான். ஆனா அந்தக் காத்தை ஆரிட்டை விட்டுட்டு வாறது?" என்றீர்கள். யாழ்ப்பாணம் ஸ்ரேஷனில் ரயில் பெட்டிக் கதவையும் சாத்தாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதுதான் நான் கடைசியாகக் கண்ட உங்கள் முகம்.

அதற்குப் பிறகு வந்தது தந்தி. பிறகு உங்களை வைத்த பெட்டி. திறக்கக்கூடாது என்று ஒட்டி அனுப்பியிருந்தார்கள். உங்களை ஒருக்காலும் மூடிய அறையில் விடமாட்டேன் என்று கோழியையும் ஆட்டையும் வீட்டுக்குள் விட்டவள் நான். அந்த மூடியைத் திறக்க எனக்கு வழியில்லாமல் போயிற்று. திறவுங்கோ, மூச்சு முட்டும் என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை, மாமி சொன்னார்.

என்ன நடந்தது என்பதைப் பெட்டியோடு கூட வந்த உங்கள் சிநேகிதர்தான் சொன்னார். ஒரு விடுமுறை நாள், மிஷின் நின்றுவிட்டது. ஆட்கள் வந்துசேர நேரம் பிடிக்கும் என்று நீங்கள் தனியாகவே உலர் ஐஸ் பெட்டிகளை உள்ளே இழுத்திருக்கிறீர்கள். கதவு மூடாமல் இருக்கக் கீழே ஒரு மரக்கட்டையைச் செருகியிருக்கிறீர்கள். அவர்கள் வந்தபோது கதவு சாத்தியிருந்தது. கட்டை உள்ளே, சுவர் ஓரமாகக் கிடந்தது. ஐஸ் ஒரு துண்டும் பழுதாகவில்லை என்று அவர் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார், பாவம்.

அந்தக் கட்டைதான் இவ்வளவு காலமும் என்னைத் தின்றது. பழகிய கை உங்களை அறியாமல் அதை இழுத்துப்போட்டுச் சாத்தியதா? அல்லது திறந்த கதவால் குளிர் வெளியே ஓடுவதைப் பார்த்து, இன்னும் கொஞ்ச நேரம்தானே, தாங்குவேன் என்று எண்ணித் தெரிந்தே சாத்தினீர்களா? கை என்றால் விதி என்று அழலாம். தெரிந்தே என்றால் உங்களோடு எனக்குக் கோபம். என்னையும் பிள்ளையையும்விட அந்தக் காற்றா பெரிது என்று உங்கள் படத்துக்கு முன்னால் நின்று எத்தனை நாள் சண்டை பிடித்திருக்கிறேன்.

உங்களுக்குப் பிறகு மூடிய அறையில் எனக்கு மூச்சு வராது. கதவு திறந்தால்தான் படுப்பேன். முன்பு அது பெரிய காரியமில்லை. இப்போது இருட்டுகிற மைம்மல் பொழுதுக்கு முன்னமே ஊர் முழுக்கக் கதவைப் பூட்டிக்கொள்கிறது. பலாலி முகாம் பக்கமிருந்து ஆமி ட்ரக் வருகிற சத்தம் கேட்டால் நாய்கூட ஒழுங்கைக்குள் நிற்காது. மகள் வளர்ந்துவிட்டாள். நான் திறந்துவைப்பதும் அவள் வந்து சாத்துவதுமாக ஒவ்வொரு நாளும் எங்களுக்குள் வழக்கு.

நேற்றுக் கலியாண வீட்டில் இருந்து வந்தபோதும் வாசலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் இருந்தேன். பொழுதுபட, ட்ரக் ஒன்று எங்கள் ஒழுங்கை முகப்பில் வந்து நின்றது. மகள் என் முதுகோடு ஒட்டிக்கொண்டு, "அம்மா, சாத்தணை," என்றாள்.

எழும்பிப் போய்ச் சாத்தினேன். கொண்டியும் போட்டேன். மூச்சு அடைத்தது, அந்த அறைக்குள்ளேயே செத்துப்போவேன் என்று நினைத்தேன். ஆனாலும் திறக்கவில்லை. ட்ரக் போனபிறகும் திறக்கவில்லை. அவள் என் மடியில் நித்திரையானாள், நான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தேன்.

என் கை மறந்து சாத்தவில்லை. தெரிந்து, பயந்து பயந்துதான் சாத்தினேன். நீங்களும் அப்படித்தான் சாத்தியிருப்பீர்கள். அந்தக் கோபம் இனி இல்லை. பயம் மட்டும் இருக்கிறது, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.