ஒரே உதையில் கிளம்பின வண்டி

மஸ்கட், 12.11.1984

அன்புள்ள சுலோச்சனாவுக்கு,

நான் சுகமா கீறேன். நீயும் அம்மாவும் அப்படியே இருக்கணும். போன வாரம் கட்டைவிரல்ல இரும்பு பட்டு லேசாக் கீறிச்சு. பேனா பிடிக்க முடியுது, அவ்ளோதான்.

பொங்கலுக்கு வரேனேன்னு மோட்டார் சைக்கிளை ரெடி பண்ணச் சொன்னா, மெக்கானிக் கௌஸ் பாய் ஒரே உதையில கிளப்பிட்டாருன்னு எழுதிக்கீறே. ரெண்டு வருசமா கோணி போட்டு மூடிக் கிடந்த வண்டி எப்படிக் கிளம்பும்? பெட்ரோல் கெட்டுப்போயிருக்கணும், பேட்டரி செத்திருக்கணும். யாரோ ஓட்டிக்கினு கீறாங்க. உன் தம்பி ராஜாராம்தான்னு பல்லைக் கடிச்சிக்கினு இருந்தேன்.

அப்புறம் கடைசி வரியைப் படிச்சேன். 'ரிசர்வ் பெட்ரோல்லயே உத்திரமேரூர் போய்ட்டு வந்துடலாம்'னு கீது. அது எவ்ளோ தூரம் ஓடும்னு ஓட்டினவங்களுக்குத்தானே தெரியும்? உனக்கு எப்படித் தெரிஞ்சது? ஓட்டுறது நீதானே?

செயினுக்கு எண்ணெய் விடு. ஏரிக்கரை வளைவுல மெதுவாப் போ. ரூம்காரன் தபால் போடக் கிளம்பிட்டான், நிறுத்துறேன். பொங்கலுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வேற யாரையும் அனுப்பாதே. நீயே வண்டியை எடுத்துக்கினு வா. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்.

இப்படிக்கு,
தாண்டவராயன்