அறுபது டிகிரியில் இடிக்கிற முழங்கால்

செப். 16, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். காயப்போட்ட உடுப்பு மூணு நாளா ஈரம்.

செல்வராசா அண்ணனுக்கு நாங்க செய்யிற செயற்கைக்கால் இன்னும் முடியல. வெள்ளிக்கிழமை மாட்டிப் பார்க்க வாறார். கம்பளைக்காரர், தேயிலைத் தொழிற்சாலை வேலை. லொறி ஏறி ஒரு கால் தொடையோட போச்சு. இப்ப போட்டிருக்கிற கட்டைக்கால் மடியாது. பஸ்ஸில் நீட்டிக்கிட்டுத்தான் உட்காரணும், தடுக்கி விழுறவங்க எல்லாம் ஏசுறாங்களாம். அவர் கேட்டது ஒண்ணுதான்: பஸ் சீட்ல கால மடக்கி உக்காரணும்.

கம்ப்யூட்டரில் முழங்கால் தனி ஃபைல். அதில் நல்லா மடியுது. தொடை, கெண்டைக்கால், பாதம் எல்லாம் சேர்ந்த முழுக்கால் ஃபைலுக்குள்ள கொண்டு வந்து போட்டா மரக்கட்டை. மவுஸால இழுத்தா முழுக்காலும் ஒண்ணா சுத்துது. இந்த ஃபைல் என்னோட வேலை செஞ்ச நில்மினி தொடங்கினது. அவ இத்தாலி போய் மூணு கிழமை. பக்கத்துக் கதிரையில இப்ப பிரின்டர் பெட்டி.

இன்னைக்கு என்கிட்ட பேசினவங்க: கண்டக்டர் ("முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க"), பேக்கரிக் கடைக்காரர் ("பாண் முடிஞ்சு"). அவ்வளவுதான்.

செப். 17, புதன்
மூட்டுகளுக்குப் போட்ட இணைப்பை ஒவ்வொண்ணா அழிச்சுப் பார்த்தேன். பாதம் கழண்டு திரையின் மூலையில் போய் மிதந்தது. எல்லாத்தையும் பழையபடி ஆக்கவே மத்தியானம் ஆயிட்டு.

நில்மினிக்கு மெசேஜ். பதில் இல்ல.

மஹய்யாவையில இருக்கிற என் அறைக்கு நடந்தே வந்தேன். கீழ் வீட்டில் யாருக்கோ பிறந்தநாள், பிள்ளைங்க சத்தம். ஒரு துண்டு கேக் அனுப்பினாங்க. வாசலில் நின்னு வாங்கி, தட்டைக் கழுவிக் குடுத்திட்டேன். உள்ள வாங்கன்னு சொன்னாங்க. வேலை இருக்குன்னேன். வேலை ஒண்ணும் இல்ல.

செப். 18, வியாழன்
பதினொரு மணிக்குப் பிடிபட்டுச்சு! முழங்காலை உள்ள போட்டா அதை ஒரே துண்டாத்தான் எடுக்குது, உள்ளே இருக்கிற மூட்டெல்லாம் உறைஞ்சிடுது. அசையவிடுன்னு நாமதான் சொல்லணும். ‘ரிஜிட்’ இருந்த இடத்தில் ‘ஃப்ளெக்சிபிள்’. ஒரே ஒரு க்ளிக். மடிஞ்சது. கை தட்டினேன். அறையில் ஆள் இல்ல.

பிறகு இன்னும் மடக்கினேன். அறுபது டிகிரி தாண்டினதும் கெண்டைக்காலுக்கு மேல வாற மூடி முழங்காலின் பின்பக்கத்துக்குள்ள புகுந்துட்டு. திரையில புகும். நிஜத்தில் இடிச்சு நிக்கும். அறுபதில் எப்படி பஸ் சீட்ல உட்காருறது?

மூடியைப் போன சனிக்கிழமையே லேத் பட்டறைக்கு அனுப்பியாச்சு. வெட்டி வந்தும் விட்டுது. நான் சரின்னு சொன்னதால.

போய் எங்க பொறுப்பாளர் சேர்கிட்ட சொன்னேன்.

"சனிக்கிழமை ஓகே சொன்னீங்களே?"

"முழங்காலைத் தனியாத்தான் பார்த்தேன் சேர். முழுக்காலோட பார்க்கல."

சத்தம் போடல. போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். "நாளைக்கு அந்த மனுசன் வாறார். நீங்களே சொல்லுங்க."

செப். 19, வெள்ளி
எட்டரைக்கே வந்துட்டார். தலை படிய வாரி, புது சேர்ட். கால் இன்னைக்கு இல்ல, பிழை என்னுடையதுன்னு சொன்னேன்.

"மடியுமா, மடியாதா? அத மட்டும் சொல்லுங்க தங்கச்சி."

திரையில காட்டினேன். மவுஸை அவர் கையில குடுத்தேன். மெதுவா மடக்கினார், நீட்டினார், மடக்கினார்.

"இந்த எடத்துலயா இடிக்குது?"

"ஆமாண்ணே."

"அப்ப அத வெட்டிருங்க."

"வெட்டினா பலம் போயிடும். புதுசா வரைஞ்சு வெட்டணும். பன்னெண்டு நாள் ஆகும்."

தலையாட்டினார். ஊன்றுகோலை எடுத்தார். கதவுகிட்ட நின்னு, என்னைப் பார்க்காமல், "மக கிட்ட இன்னைக்கு புதுக் காலோட வருவேன்னு சொல்லிட்டு வந்தேன்."

மத்தியானம் சாப்பிடல.

பின்னேரம் நில்மினி, வழக்கம்போல சிங்களத்துல தங்கச்சின்னு கூப்பிட்டு: "அய்யோ நங்கி, இப்பதான் பார்த்தேன். சரியா வந்துச்சா?" சரி என்று மட்டும் போட்டேன்.

செப். 22, திங்கள்
மூடியின் பின்பக்கம் புதுசா வரைஞ்சேன். முழுக்காலோட நூத்திப்பத்து டிகிரி வரைக்கும் மடக்கியாச்சு. எங்கேயும் இடிக்கல. நம்பாமல் இருபது தடவை. சேரைக் கூப்பிட்டு அவரையும் மடக்கச் சொன்னேன்.

உடுப்பு காய்ஞ்சது.

செப். 30, செவ்வாய்
வந்தார். பழைய சேர்ட். மாட்டினோம். கதிரையில் உட்கார்ந்தார், பாதம் கதிரைக்கு அடியில போச்சு. குனிஞ்சு அதையே பார்த்தார். எழும்பினார், திரும்ப உட்கார்ந்தார். எத்தனை தரம்! சேர், "காணும் அண்ணே, போதும், வலிக்கப் போகுது" என்றார். கேட்கல.

வீட்டுக்கு ஃபோன் போட்டார். அவர் மனைவி: "செஞ்சவங்க யாரு? அவங்ககிட்ட குடுங்க." ஃபோனை வாங்கினேன். எங்க இருக்கீங்க, யாரோட இருக்கீங்கன்னு கேட்டாங்க. தனியான்னேன்.

"தனியாவா? அப்ப ஞாயித்துக்கெழம சாப்பிட வாங்க."

சரின்னு சொல்லிட்டேன். எப்படி மறுக்கிறதுன்னு தெரியல.

ஒக். 5, ஞாயிறு
வெயில். ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கி பத்து மணிக்கு கம்பளை பஸ் ஏறினேன். வழியில, பேராதனையில் இறங்கிட்டேன். அங்கே போய் என்ன பேசுறது? கால் வலிக்குதான்னு ஒரு தரம் கேட்கலாம். பிறகு? எதிர்ப்பக்கம் போய் கண்டி பஸ்ஸுக்கு நின்னேன். ரெண்டு பஸ் போச்சு. ஏறல. பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுறேன்.

ஃபோன். அவர் மனைவி. "எங்க வந்துட்டீங்க?"

தலைவலின்னு சொல்ல நினைச்சேன். "பேராதனை" என்று வாயில வந்துட்டு.

"அப்ப கிட்டத்தான். அவரு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கிறாரு. சீக்கிரம் ஏறுங்க."

ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்து நிக்கிறேன். கம்பளை போர்டு போட்ட பஸ் தெரியுது. பேனையை மூடுறேன்.