அசையாமல் எடுத்த படம்

வீட்டு மகாராணிக்கு உன் வீட்டுக்காரன் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமா? உன் முட்டிவலி தேவலையா?

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். எனக்கு முன்பல் விழுந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து உன் ஓட்டைப் பல்லைக் கேலி பண்ணினவனுக்கு இது வேண்டியதுதான். நீ படம் கேட்கும்போதெல்லாம் நான் சாக்குச் சொன்னது அதனால்தான்.

இங்கே விளம்பரத்துக்குச் செருப்புகளைப் படம் எடுக்கிறார்கள். நான் தூசி துடைக்கிறவன். கேமராவை யாரும் தொடுவதில்லை. கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல அதுவே ஒரே செருப்பை வரிசையாக நிறைய படம் எடுக்கும்; ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடம்தான் தெளிவாக விழும். அப்புறம் அந்தத் தெளிவான இடங்களை மட்டும் எடுத்து ஒரே படமாக ஒட்டிவிடும். கம்ப்யூட்டர் பார்க்கிற பொண்ணைக் கெஞ்சி, நேற்று செருப்பு வைக்கிற இடத்தில் நான் உட்கார்ந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"அசையாதீங்கண்ணே. ஏன் இப்படி உம்முனு இருக்கீங்க? அண்ணி பயந்துடப் போறாங்க!"

"அவளா? பயப்படுறவளா அவ?" என்று, படம் பாதி எடுத்திருக்கும்போதே சிரித்துவிட்டேன்.

எல்லாரும் கூடிப் பெரிய திரையில் பார்த்தார்கள். பல் விழுந்த இடம் ஜன்னல் மாதிரி தெரிந்தது. கூனிக்குறுகிப் போனேன். இன்னொன்று எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை.

என் பழைய சீப்பை அனுப்பு. கடுதாசியில் நாலு வரி கூடப் போடு, நீ எழுதுகிறது சீக்கிரம் தீர்ந்துபோகிறது. முதலாளி கூப்பிடுகிறார்.

படத்தை உள்ளே வைத்திருக்கிறேன். அதில் எனக்கு இரண்டு வாய் இருக்கும். மூடியிருப்பதை மட்டும் பார்க்கவும்.