ஷீலா வீட்டுப் பாத்ரூமில் ஒரு மணிவிழா

மந்தைவெளி,
சென்னை-28.

அன்பு மகன் மாறனுக்கு அம்மா செண்பகம் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் என் கிரைண்டரும் சுகம். அங்கே நீயும் உன் கம்பளிச் சட்டையும் சுகமாக இருக்க முண்டகக்கண்ணி அம்மனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், உன் அக்கா ஷீலா எப்படியும் கண் காது வைத்துச் சொல்லிவிடுவாள். சிங்கப்பூர் ஏர்போர்ட்டில் என் சொந்தப் பெட்டியை என்னுடையது இல்லை என்று சத்தியம் செய்துவிட்டேன். அங்கே உளுந்து பொங்கவே மாட்டேன் என்கிறது என்று அவள் அழுதாளே, அதற்காக இட்லி மாவை ஒரு சம்படத்தில் அழுத்தி மூடி, சுற்றி டேப் போட்டு, புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். இத்தனை வருடம் மாவு விற்றுப் பிழைக்கிறவளுக்கு மாவு பொங்கும் என்று தெரியாதா? தெரியும். ஆகாயத்தில் பொங்காது என்று நினைத்துவிட்டேன். பெல்ட்டில் பெட்டி வருகிறது, ஜிப் ஓரமெல்லாம் வெள்ளை நுரை. ஜனங்கள் ஒதுங்கி நிற்கிறார்கள், யூனிபார்ம் போட்ட இரண்டு பேர் சுற்றி வந்து முகர்ந்து பார்க்கிறார்கள். நான் உன் அப்பாவின் கையைக் கிள்ளி, அது நம்முடையது இல்லை, நடங்கள் என்றேன். அவர் ஒரு காரியம் செய்திருந்தார். பெட்டி தொலையக் கூடாது என்று பஸ்ஸில் ஊர்ப் பெயர் எழுதுகிற அளவு எழுத்தில் ‘செண்பகம், மந்தைவெளி’ என்று பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த யூனிபார்ம் இருவரில் ஒருத்தி தமிழ் தெரிந்தவள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அக்கா, உளுந்து ஒரு பங்குக்கு அரிசி எத்தனை பங்கு என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். என் பட்டுப் புடவை இன்னும் லேசாகப் புளிக்கிறது.

இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். உன் அப்பா பஸ்ஸை விட்டு ரிட்டையர் ஆனதிலிருந்து என் போனுக்குத்தான் டிரைவர். மணி அடித்தால் அவர் எடுத்து ஸ்பீக்கரில் போடுகிறார், மெசேஜ் வந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிக்கிறார். அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றால் இந்தக் காலத்தில் தபால்தான் ஒரே வழி. விஷயம் பெரியது, அதனால் கொஞ்சம் பொறு, வரிசையாக வருகிறேன்.

அப்பாவுக்கு அறுபது முடிகிறது, மணிவிழாவைத் தன் வீட்டிலேயே செய்கிறேன், எல்லோரும் கிளம்பி வாருங்கள் என்று ஷீலா டிக்கெட் போட்டதும் அவர் முகம் தொங்கிப் போனது உனக்குத் தெரியாது. உனக்குப் பர்மிட் காகிதம் புதுப்பிக்கப் போயிருக்கிறது, வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள், நீ என்ன செய்வாய். அவருக்கும் அது புரியும். ஆனால் கலசத் தண்ணீரை முதலில் பிள்ளைதான் ஊற்ற வேண்டும், அவன் வராமல் நான் மணையில் உட்கார மாட்டேன், வேண்டுமானால் நீ தனியாக உட்கார்ந்து எவனையாவது கட்டிக்கோ என்று என்னிடமே சொல்லிவிட்டார். வீடியோவில் மாறன் இருப்பான், அவன் கண்ணால் பார்ப்பான், அவன் பேரைச் சொல்லி மாப்பிள்ளை ஊற்றட்டும் என்று ஷீலா தினமும் போனில் கெஞ்சித்தான் பிளேன் ஏற்றினோம். கூட வந்தது யார் தெரியுமா, வானம் இருட்டினாலே வெள்ளத்துக்குப் பயந்து காரைக் கொண்டுபோய்ப் பாலத்தில் நிறுத்திவிட்டு வருகிற வேளச்சேரி அத்தை. பிளேனில் கொடுத்த சர்க்கரைப் பொட்டலம், மிளகுப் பொட்டலம், ஈரக் காகிதம் எல்லாம் அவள் பையில்தான். பக்கத்து சீட்டுக்காரன் தூங்கும்போது அவனுடையதும். என் தம்பி, உன் ஜோகூர் மாமா, மலேசியாவிலிருந்து பஸ் பிடித்துப் பாலம் தாண்டி வந்துவிட்டான். இத்தனை பேரும் ஒரே வீட்டில் படுத்தோம் என்றால் நம் ரயில்வே ஸ்டேஷன் தேவலை.

இப்போது விசேஷத்துக்கு வருகிறேன். கலசத் தண்ணீர் ஊற்ற வாசல் வேண்டும், மொட்டை மாடி வேண்டும். ஷீலாவின் அடுக்குமாடி வீட்டில் வாசலும் கிடையாது, மாடிக்குப் போகவும் விடமாட்டார்களாம். தாழ்வாரத்தில் ஊற்றினால் அபராதம் என்று மாப்பிள்ளை வெளிறிப் போனார். ஆகவே, சிரிக்காதே, பாத்ரூமில் வைத்துக்கொண்டோம். கதவில் மாவிலை, குழாயில் மாலை, வாஷ்பேசினில் வெற்றிலைத் தட்டு. மணை இரண்டு போட இடமில்லை, ஒன்று போட்டோம். அதில் அவர் முக்கால், நான் கால். மீதி நான் வாளியில் சாய்ந்திருந்தேன். ஹாலிலிருந்து பாத்ரூம் வரை சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சொம்போடு ரேஷன் கடை வரிசை. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னாண்ணே, டிரைவர் சீட்ட விட சின்னதா கீதே, கால எங்க வெச்சிக்கினுகீற என்றாள். அவர், உங்க அண்ணி மேலதான், வேற எங்க வெக்கிறது என்றார். தண்ணீர் விழுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார், அதை நான் புடவையில் முடிந்துகொண்டேன். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எட்ட நிற்கிற பஸ்ஸே தெரியாது என்பது உனக்குத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்.

ஜோகூர் மாமா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். நீ வேலை முடிந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாய், அம்மா, அழகாக இருக்கிறாய் என்று சொன்னாய், அது எனக்குக் கேட்டது, பொய்யாக இருந்தாலும் சந்தோஷம். அந்த நிமிடம் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிவிட்டு, ஒரு கண் மூடி, வாய் பாதி திறந்து, தும்மப் போகிறவன் மாதிரி நீ அப்படியே நின்றுவிட்டாய். நான் மாமாவைப் பார்த்தேன், மாமா என்னைப் பார்த்தான். வாயைத் திறக்காதே என்று கண்ணைக் காட்டினேன். திறந்தால் மனிதர் மணையை விட்டு எழுந்துவிடுவார், ஈரத்தோடு நான் எங்கே போவேன். மாமா மகா நடிகன், மாறன் பாக்குறான் மாமா, ஜோரா பாக்குறான் என்றான். மாப்பிள்ளை உன் பேரைச் சொல்லி முதல் சொம்பை ஊற்றினார். அடுத்தது ஷீலா. அத்தை ஊற்றியது சொம்பு இல்லை, வாளி.

எல்லாம் முடிந்து தாலிக்குப் போக வேண்டியதுதான். அவர் கையைத் தூக்கி, இருங்க, புள்ளகிட்ட ஒண்ணு சொல்லணும் என்றார். போனைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன், கேள்: மாறா, நீ ஊருக்குப் போன அன்னிக்கு நான் ஏர்போர்ட்டுக்கு வரலன்னு உன் மனசுல கீது. எனுக்குத் தெரியும். லீவு கேட்டா குடுத்திருப்பாங்க. நான் கேக்கல. உன்ன உள்ள அனுப்பிட்டுத் திரும்பி நடக்குற தெம்பு எனுக்கு இல்லடா. அதுக்கோசரம் ஏர்போர்ட் வழியா போற தாம்பரம் வண்டிய மாத்தி வாங்கிக்கினேன். ஏர்போர்ட் ஸ்டாப்புல நிறுத்தினேன் பாரு, எடுக்கவே முடியல. பின்னாடி நிக்கிறவன்லாம் ஆரன் அடிக்கிறான், கண்டக்டரு விசிலு ஊதி ஊதி வாய் வலிச்சிப் போனான். இன்னா நைனா, பஸ்ஸும் பிளேன் ஏறப்போவுதான்னு ஒருத்தன் கேட்டான். ஸ்டேரிங்க புடிச்சிக்கினு அழுதேன்டா. நீ போனது தப்புன்னு கத்துனேனே, தப்பு இல்ல. நல்லா இரு.

அத்தை சொம்பை வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்தினாள், அந்த ஈரக் காகிதங்கள் அப்போதுதான் வெளியே வந்தன. நான் எதற்கு அழுதேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நேரம் கழித்து வந்து, தாம்பரம் ரோட்டில் டிராஃபிக் என்று சொன்ன மனிதர், அந்த டிராஃபிக்கே தான்தான் என்று சொல்லவில்லையே. பிறகு தாலி கட்டினார். ஓடிப் போறதா இருந்தா இப்பவே சொல்லிடுமே என்று காதில் சொன்னார். எங்கே ஓடுவது, வாசலில் மாப்பிள்ளை மாப் போட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பிடும்போது உன் அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். மாறன் குறுக்கே பேசாமல் கேட்டான் பார்த்தீங்களா என்று ஜோகூர் மாமா சொன்னதற்கு, ஆமாமா, வாய மூடாம கேட்டான் என்று அவரும் தலையாட்டினார்.

ஆக, நீ அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. லைன் கட் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று நீ அனுப்பிய மெசேஜை அவர் பார்ப்பதற்குள் நான்தான் அழித்தேன். அந்தப் பேச்சை மனிதர் இன்னொரு தடவை பேச மாட்டார், அவரை எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் அவரைக் கூப்பிடு. என்னைக் கூப்பிட்டாலும் அவர்தானே எடுப்பார். எல்லாம் கேட்டேன்பா, பஸ்ஸில் அத்தனை பேர் நடுவே பதில் சொல்ல முடியவில்லை என்று சொல். நான் எழுதியதைப் பார்த்து வாசிக்கிற மாதிரி சொல்லாதே, நீ பள்ளிக்கூட நாடகத்தில் நடித்த லட்சணம் எனக்கு நினைவிருக்கிறது. சொல்லிவிட்டு இதைக் கிழித்துப் போடு.

மற்றபடி இங்கே மெட்ரோ தோண்டுகிறார்கள், வீடே அதிர்கிறது, அதிர்ச்சியில் மாவு சீக்கிரம் புளிக்கிறது என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். நீ தலைக்கு எண்ணெய் வை. குளிருக்குப் பயந்து குளிக்காமல் இருக்காதே. அந்த ரொட்டியையே தின்று காலத்தை ஓட்டாமல் ஞாயிற்றுக்கிழமையாவது குழம்பு வை. பர்மிட் வந்ததும் முதல் காரியமாக டிக்கெட் போடு, கூடப் பெண் யாராவது வருவதாக இருந்தால் எனக்கு மட்டும் முன்னாடியே சொல், உன் அப்பாவுக்கு நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நூறு வயது நன்றாக இரு ராசா.

மறக்காதே: எல்லாம் கேட்டாய். ஒரு வார்த்தை விடாமல் கேட்டாய்.

உன் அம்மா,
த. செண்பகம்
(இரண்டாம் முறையாகப் புதுப்பெண்)

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுவது: இப்போது உன் அப்பா டீயோடு வந்தார். காகிதத்தைச் சட்டென்று மாவுச் சட்டிக்கு அடியில் தள்ளினேன். மறைக்காதமே, மாறனுக்குத்தான, அன்னிக்கு நான் பேசினத்த எழுதிட்டியா, அவன் லைன்ல இல்லியே என்றார். கண்ணாடி இல்லாமல் அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். பஸ் போர்டுல எழுத்துதான் தெரியாது, புள்ள அசையாம நிக்கிறது தெரியாதா, அவன் அசைஞ்சிக்கினு இருந்தா நான் எங்க பேசியிருப்பேன் என்று சொல்லிவிட்டு, கவரில் ஒட்டத் தபால்தலை வாங்கப் போயிருக்கிறார்.